ஒரு பம்ப், எட்டு இன்புட்: லேடர் லாஜிக் கற்கத் தொடங்குபவர்களுக்கு

கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைப் பட்டறைகள், மேலூர்ப் பக்கத்து அரிசி ஆலைகள், ராஜபாளையத்து நூற்பாலைகள் என்று எங்கே போனாலும், பேனல் கதவைத் திறந்தால் வரிசையாக ரிலேக்களும் டைமர்களும் இருந்த காலம் மாறி வருகிறது. அந்த இடத்தில் இப்போது கையகலத்தில் ஒரு பிஎல்சி, அதாவது நாம் எழுதும் புரோகிராம்படி எந்திரத்தை ஓட்டும் சின்னக் கணினி, உட்கார்ந்திருக்கும். வேலை செய்யும்வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றுபோனால்தான் லேப்டாப்போடு ஆள் வரவேண்டும் என்று காத்திருப்பார்கள்.

"அண்ணே, நான் ஐடிஐ எலக்ட்ரீஷியன். கோடிங் எல்லாம் தெரியாது. எனக்கு இது வருமா?" என்று கேட்கிற தம்பிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வரும். கணினி படித்தவர்களைவிடச் சீக்கிரமே வரும். 1968-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமாட்டிக் பிரிவு, ரிலே பேனல்களுக்கு மாற்றாக ஒரு மின்னணுக் கருவி வேண்டும் என்று கேட்டது. கார் மாடல் மாறும்போதெல்லாம் பேனலைப் பிரித்து மறுபடி ஒயர் செய்வது அவர்களுக்குப் பெரிய தலைவலி. டிக் மோர்லியும் அவரது குழுவினரும் அதற்காக உருவாக்கியதுதான் மோடிகான் 084. அதற்குப் புரோகிராம் எழுதும் முறை, ஆலை எலக்ட்ரீஷியன்களுக்கு ஏற்கெனவே பழக்கமான ரிலே சர்க்யூட் படத்தைப் போலவே அமைந்தது. இரண்டு பக்கமும் நெடுங்கோடு, நடுவில் ஏணிப்படிகள்போலக் குறுக்குக் கோடுகள். லேடர் என்ற பெயர் அப்படி வந்தது. ஒரு குறுக்குக் கோட்டை ரங் என்போம்.

வசதியும் ஆபத்தும் இந்த ஒற்றுமையில்தான் இருக்கின்றன. படம் ஒயரிங் மாதிரி இருப்பதால், அதற்குள் கரண்ட் ஓடுகிறது என்றே மனசு நம்பிவிடும். அங்கே கரண்ட் எதுவும் ஓடுவதில்லை. லேடரில் நீங்கள் வரையும் ஒவ்வொரு காண்டாக்டும் பிஎல்சியின் நினைவகத்தைப் பார்த்துக் கேட்கும் ஒரு கேள்வி, அவ்வளவுதான். நினைவகத்தில் 0 அல்லது 1 என்று இருக்கும் ஒவ்வொரு இடத்தையும் பிட் என்போம். சாதாரண காண்டாக்ட் "இந்த பிட் 1-ஆக இருக்கிறதா?" என்று கேட்கும். நடுவில் சாய்கோடு போட்ட காண்டாக்ட் "இது 0-ஆக இருக்கிறதா?" என்று கேட்கும். வரிசையாக எல்லாவற்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் ரங்கின் முடிவை எழுதிவைக்கும் இடமான, கடைசியில் இருக்கும் 'காயில்' 1 ஆகும், இல்லையென்றால் 0. புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடங்களில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருகின்றன.

என்னென்ன வேண்டும்

விண்டோஸ் லேப்டாப் ஒன்று போதும். டெல்டாவின் டபிள்யூபிஎல்சாஃப்ட் இலவசம், உள்ளேயே சிமுலேட்டரும் இருக்கிறது. கோடிசிஸும் இலவசமாகக் கிடைக்கும், அதிலும் பிஎல்சி இல்லாமலே ஓட்டிப் பார்க்கலாம். கையில் காசு இருந்தால் டெல்டா டிவிபி-14எஸ்எஸ்2 போன்ற ஒரு சின்ன பிஎல்சி, 24 வோல்ட் டிசி பவர் சப்ளை, எட்டு டாகிள் சுவிட்ச், சில 24 வோல்ட் இண்டிகேட்டர் லேம்ப் வாங்கி ஒரு பலகையில் பொருத்திக்கொள்ளுங்கள். புரோகிராமிங் கேபிள் பெரும்பாலும் தனியாக வாங்கவேண்டியிருக்கும், கடையில் மறக்காமல் கேளுங்கள். கற்கும் காலத்தில் 24 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். 415 வோல்ட் மோட்டார் எங்கேயும் ஓடிப்போகாது.

எந்தக் கம்பெனியின் பிஎல்சியில் கற்பது என்று ரொம்ப யோசிக்காதீர்கள். ஐஇசி 61131-3 என்ற சர்வதேசத் தரம் 1993-லேயே வந்துவிட்டது. லேடரும் அதில் ஒரு மொழி. ஒன்றில் கை பழகினால் மற்றது சில நாளில் பிடிபடும். மாறுவது முகவரி எழுதும் முறைதான். டெல்டாவிலும் மிட்சுபிஷி எஃப்எக்ஸிலும் இன்புட் எக்ஸ், அவுட்புட் ஒய், உள் நினைவு பிட் எம். சீமென்ஸில் அவையே ஐ0.0, க்யூ0.0, எம்0.0 என்று வரும். டெல்டா, மிட்சுபிஷி இரண்டிலும் எக்ஸ்7-க்கு அடுத்து எக்ஸ்8 கிடையாது, எக்ஸ்10 தான். எட்டெட்டாக எண்ணும் முறை அது. தெரியாவிட்டால் அரை நாள் போய்விடும்.

முதலில் பேப்பரில்

மென்பொருளைத் திறக்கும் முன், எந்திரம் என்ன செய்யவேண்டும் என்று தமிழில் எழுதுங்கள். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வேலையையே எடுத்துக்கொள்வோம். கீழே சம்ப், மாடியில் மேல்தொட்டி, நடுவில் ஒரு மூன்று ஃபேஸ் மோட்டார். அண்ணா நகர் அடுக்குமாடியாக இருந்தாலும் புதூர் விடுதியாக இருந்தாலும் இதுதான் நிலவரம்.

மேல்தொட்டியில் தண்ணீர் கீழ்மட்டத்துக்கு இறங்கினால் மோட்டார் ஓடவேண்டும். நிரம்பியதும் நிற்கவேண்டும். சம்ப்பில் தண்ணீர் இல்லையென்றால் ஓடவே கூடாது. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் உடனே ஓடாமல் கொஞ்சம் பொறுத்து ஓடவேண்டும். தெருவில் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் வோல்டேஜ் எப்படிப் படுத்துவிடும் என்று உங்களுக்கே தெரியும். ஆட்டோ, மேனுவல் இரண்டும் வேண்டும்.

இதிலிருந்து பட்டியல்:

எக்ஸ்0 – ஸ்டார்ட் புஷ் பட்டன், என்ஓ (சும்மா இருக்கும்போது திறந்திருக்கும், அழுத்தினால் மூடும்)
எக்ஸ்1 – ஸ்டாப் புஷ் பட்டன், என்சி (சும்மா இருக்கும்போது மூடியிருக்கும், அழுத்தினால் திறக்கும்)
எக்ஸ்2 – ஓவர்லோடு ரிலேயின் (மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் டிரிப் ஆவது) 95-96 டெர்மினல், என்சி
எக்ஸ்3 – மேல்தொட்டியின் மேல் ஃப்ளோட் (மிதவை சுவிட்ச்): நிரம்பாதவரை 1
எக்ஸ்4 – மேல்தொட்டியின் கீழ் ஃப்ளோட்: தண்ணீர் குறைந்தால் 1
எக்ஸ்5 – சம்ப் ஃப்ளோட்: தண்ணீர் இருந்தால் 1
எக்ஸ்6 – செலக்டர் சுவிட்ச்: ஆட்டோவில் 1
எக்ஸ்7 – கான்டாக்டரின் (மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் பெரிய ரிலே) துணைக் காண்டாக்ட் 13-14
ஒய்0 – மோட்டார் கான்டாக்டர்
ஒய்1 – ஃபால்ட் லேம்ப்

மேல் ஃப்ளோட்டை "நிரம்பினால் 1" என்று வைக்காமல் "நிரம்பாதவரை 1" என்று வைத்திருப்பதைக் கவனியுங்கள். மாடியிலிருந்து வரும் ஒயரை எலி கடித்தால் இன்புட் 0 ஆகும், மோட்டார் நிற்கும். நிரம்பினால் 1 என்று வைத்திருந்தால், அதே எலி கடித்த அன்று தொட்டி வழிந்து வீதியில் ஓடும். சம்ப் ஃப்ளோட்டுக்கும் ஓவர்லோடுக்கும் இதே கணக்குதான். ஓடுவதற்கான அனுமதி 1-ஆக வரவேண்டும், ஒயர் அறுந்தால் அனுமதி போகவேண்டும்.

இன்னொன்று. டெல்டாவில் எல்லா இன்புட்டுக்கும் பொதுவான எஸ்/எஸ் டெர்மினலை 0 வோல்ட்டில் இணைத்து, சுவிட்சுகள் வழியாக +24 வோல்ட்டை இன்புட்டுக்குக் கொண்டுவாருங்கள். மாற்றியும் இணைக்கலாம், வேலை செய்யும். ஆனால் அப்போது ஒரு இன்புட் ஒயர் உரிந்து, எர்த் செய்யப்பட்ட 0 வோல்ட்டோடு தொட்டால் பிஎல்சி அதை 1 என்று படிக்கும். ஸ்டாப் பட்டன் ஒயரில் அப்படி நடந்தால் விபரீதம்.

முதல் ரங்: ஸ்டார்ட், ஸ்டாப்

டிஓஎல் ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேரடியாக லைனில் இணைத்துக் கிளப்புவது) ஒயரிங் செய்தவருக்கு இது பழைய பாடம். ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக கான்டாக்டரின் 13-14 போட்டுப் பிடித்துவைப்பீர்கள் அல்லவா? அதேதான்.

──[ எக்ஸ்0 ]──┬──[ எக்ஸ்1 ]──[ எக்ஸ்2 ]──( ஒய்0 )
──[ ஒய்0 ]────┘

ஸ்டார்ட் அழுத்தினால் ஒய்0 1 ஆகும். விரலை எடுத்தாலும் ஒய்0 தன் காண்டாக்ட் வழியே தன்னைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டாப் அழுத்தினால் விட்டுவிடும்.

இங்கே ஒரு கேள்வி வரும். ஸ்டாப் பட்டன் என்சி, ஓவர்லோடும் என்சி. அப்படியானால் லேடரிலும் சாய்கோடு போட்ட காண்டாக்ட்தானே போடவேண்டும்? கூடாது. மேலே போட்டிருப்பது சாதாரணக் காண்டாக்ட்தான். ஏன் என்று நிதானமாகப் பார்ப்போம். பட்டனை யாரும் தொடாதபோது என்சி மூடியிருக்கிறது, 24 வோல்ட் எக்ஸ்1-க்கு வருகிறது, நினைவகத்தில் எக்ஸ்1 1. லேடர் கேட்கும் கேள்வி "எக்ஸ்1 1-ஆ?". ஆம், ஓடு. பட்டனை அழுத்தினால் 24 வோல்ட் அறுகிறது, எக்ஸ்1 0. இல்லை, நில். சாய்கோடு போட்டிருந்தால் யாரும் தொடாதபோதே பதில் "இல்லை" என்று வந்து மோட்டார் கிளம்பவே கிளம்பாது.

கிளம்பவில்லை என்றதும் சிலர் ஒரு குறுக்குவழி பிடிப்பார்கள். ஸ்டாப் பட்டனை என்ஓவாக மாற்றி ஒயர் செய்துவிட்டு, லேடரில் சாய்கோட்டை வைத்துக்கொள்வார்கள். பெஞ்சில் எல்லாம் சரியாக ஓடும். ஸ்டாப் ஒயர் என்றைக்கு டெர்மினலிலிருந்து கழன்று விழுகிறதோ அன்றைக்கு மோட்டாரை அந்தப் பட்டனால் நிறுத்த முடியாது. இன்னொருவர் செய்த பேனலைச் சோதிக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வெளியே பட்டன் எந்த வகை என்பது ஒரு முடிவு, உள்ளே எந்தக் கேள்வி கேட்கிறோம் என்பது வேறு முடிவு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவரை லேடர் எளிது.

ஸ்கேன்

பிஎல்சி எல்லா ரங்குகளையும் ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை. முதலில் எல்லா இன்புட்களையும் ஒருமுறை படித்து நினைவகத்தில் பதிந்துகொள்ளும். பிறகு மேலிருந்து கீழாக, ஒவ்வொரு ரங்கிலும் இடமிருந்து வலமாகக் கணக்குப் போடும். கடைசியில் அவுட்புட்களை வெளியே அனுப்பும். திரும்ப முதலிலிருந்து. சிறிய புரோகிராம் என்றால் ஒரு சுற்றுக்குச் சில மில்லிவினாடிதான் ஆகும். விரலால் அழுத்தும் பட்டனுக்கு இது தாராளம். வேகமாக ஓடும் கன்வேயரில் பொருளை எண்ணும் சென்சார் என்றால் இரண்டு சுற்றுக்கு நடுவில் நழுவிப் போகலாம். அதற்கு ஹைஸ்பீட் கவுண்டர் என்று தனியாக உண்டு.

இந்த வரிசை புரிந்தால்தான் அடுத்த சிக்கல் புரியும். ஆட்டோவுக்கு ஒரு ரங், மேனுவலுக்கு ஒரு ரங், இரண்டின் முடிவிலும் ( ஒய்0 ) என்று போடத்தான் யாருக்கும் தோன்றும். மேல் ரங் ஒய்0-ஐ 1 ஆக்கும். கீழ் ரங் அதையே 0 ஆக்கிவிடும். வெளியே போவது கடைசியில் எழுதியது. ஆட்டோவில் மோட்டார் ஓடவே ஓடாது, படத்தில் மேல் ரங் மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். ஒரு காயில் ஒரே இடத்தில்தான் வரவேண்டும். ஆட்டோவின் விருப்பத்தை எம்0-விலும் மேனுவலின் விருப்பத்தை எம்1-லும் எழுதிவையுங்கள். முடிவை எடுப்பது ஒரே ரங்காக இருக்கட்டும்.

டைமர்கள்

டெல்டாவில் டைமருக்கான கட்டளை டிஎம்ஆர், டைமரின் பெயர் டி0, டி1 என்று வரும், எண்ணுக்கு முன்னால் கே. டிஎம்ஆர் டி0 கே300 என்றால், முன்னால் உள்ள நிபந்தனை தொடர்ந்து 300 × 100 மில்லிவினாடி, அதாவது 30 நொடி 1-ஆக இருந்தால் டி0 காண்டாக்ட் 1 ஆகும். நடுவில் ஒரு கணம் அறுந்தாலும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும். உச்சம் கே32767, ஏறத்தாழ 54 நிமிடம். அதற்கு மேல் வேண்டுமென்றால் டைமரையும் கவுண்டரையும் சேர்த்துப் போடவேண்டும்.

எம்1000 என்பது டெல்டாவில் பிஎல்சி ரன் நிலையில் இருக்கும்வரை எப்போதும் 1-ஆக இருக்கும் பிட். மிட்சுபிஷி எஃப்எக்ஸில் அதற்கு எம்8000.

──[ எம்1000 ]──டிஎம்ஆர் டி0 கே300
──[ எம்1000 ]──டிஎம்ஆர் டி3 கே10
──[ எக்ஸ்5 ]──டிஎம்ஆர் டி1 கே600

டி0 கரண்ட் வந்து 30 நொடி ஆனதைச் சொல்லும். டி3 எதற்கு என்று பின்னால் வருகிறேன். டி1 சம்ப்பில் ஒரு நிமிடம் தொடர்ந்து தண்ணீர் இருந்ததைச் சொல்லும். எக்ஸ்5-ஐ நேரடியாகப் போட்டால் என்ன? தண்ணீர் ஃப்ளோட் மட்டத்தில் அலையடிக்கும்போது மோட்டார் ஓடி நின்று ஓடி நின்று கான்டாக்டர் கருகும். டைமர் வழியாக வந்தால் நிற்பது உடனே, திரும்பக் கிளம்புவது ஒரு நிமிடம் பொறுத்து.

முழு லேடர்

ஆட்டோ:

──[ எக்ஸ்4 ]──┬──[ எக்ஸ்3 ]──[ எக்ஸ்6 ]──[ டி0 ]──( எம்0 )
──[ எம்0 ]────┘

ஸ்டார்ட் ஸ்டாப் ரங்கின் அதே உருவம்தான் இது. கீழ் ஃப்ளோட் ஸ்டார்ட் பட்டனின் வேலையையும் மேல் ஃப்ளோட் ஸ்டாப்பின் வேலையையும் செய்கின்றன. இந்த ஒரு உருவத்தை உள்வாங்கிக்கொண்டால் பாதி லேடர் வந்துவிட்டது என்பேன்.

மேனுவல்:

──[ எக்ஸ்0 ]──┬──[ எக்ஸ்1 ]──[ எக்ஸ்2 ]──[ எக்ஸ்3 ]──[ டி1 ]──[/ எக்ஸ்6 ]──( எம்1 )
──[ எம்1 ]────┘

முடிவு ரங்:

──[ எம்0 ]──┬──[ எக்ஸ்1 ]──[ எக்ஸ்2 ]──[ டி1 ]──( ஒய்0 )
──[ எம்1 ]──┘

சிமுலேட்டரில் ஓட்டிப் பாருங்கள், எல்லாம் சரியாக இருக்கும். இப்போது ஆட்டோவில் மோட்டார் ஓடும்போது ஸ்டாப் பட்டனை அழுத்துங்கள். நிற்கிறது. விரலை எடுங்கள். எம்0 தன்னைப் பிடித்துக்கொண்டிருப்பதால் மோட்டார் மறுபடி ஓடுகிறது! பம்ப்பின் கப்ளிங்கைக் கையால் தொட்டுப் பார்க்கத்தான் ஒருவர் ஸ்டாப் அழுத்தினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓவர்லோடு டிரிப் ஆகி, அதை ரீசெட் செய்தாலும் இதே கதைதான்.

ஆகவே நிறுத்தப்பட்டதை பிஎல்சி நினைவில் வைத்திருக்கவேண்டும். இதற்கு செட், ரீசெட் உதவும். செட் ஒருமுறை 1 ஆக்கினால், கரண்ட் போகாதவரை, ரீசெட் வரும்வரை அப்படியே இருக்கும்.

──[/ எக்ஸ்1 ]──┬──[ டி3 ]──செட் எம்2
──[/ எக்ஸ்2 ]──┘
──[ எக்ஸ்0 ]──[ எக்ஸ்1 ]──[ எக்ஸ்2 ]──ரீசெட் எம்2

இவற்றை முடிவு ரங்குக்கு மேலே வைத்துவிட்டு, முடிவு ரங்கில் [/ எம்2 ] ஒன்றைச் சேருங்கள். இனி ஸ்டாப் அழுத்தினாலோ ஓவர்லோடு விழுந்தாலோ, கரண்ட் போகாதவரை, ஒருவர் வந்து ஸ்டார்ட் அழுத்தும்வரை ஆட்டோவிலும் மோட்டார் ஓடாது. டி3 எதற்கென்றால், கரண்ட் வந்த முதல் கணத்தில் இன்புட்கள் இன்னும் நிலைக்காமல் 0 என்று படிக்கப்படலாம். அதை ஸ்டாப் என்று எடுத்துக்கொண்டு எம்2 செட் ஆகிவிட்டால், கரண்ட் போய் வந்த ஒவ்வொரு முறையும் யாராவது ஸ்டார்ட் அழுத்தவேண்டியிருக்கும். ஒரு நொடி பொறுத்துப் பார்த்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஃபால்ட் லேம்புக்கு, ஒய்0 1-ஆக இருந்தும் எக்ஸ்7 வராமல் இரண்டு நொடி ஆனால் டி2 என்று ஒரு டைமர் போட்டு, அது அல்லது எம்2 வந்தால் ஒய்1 எரியட்டும். இதை நீங்களே வரைந்துகொள்ளுங்கள், நல்ல பயிற்சி. அப்புறம் கவுண்டர். அரிசி ஆலையில் மூட்டை எண்ணுவதுபோல ஒரு சின்ன வேலையை வைத்துக்கொண்டு சிஎன்டி கட்டளையைப் பழகலாம். 0-விலிருந்து 1-க்கு மாறும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும், எண்ணிக்கை தொட்டதும் அதன் காண்டாக்ட் 1 ஆகும். எப்போது ரீசெட் செய்வது என்பதை மறக்காமல் யோசிக்கவேண்டும், அவ்வளவே.

பேனலுக்குப் போகும் முன்

சிமுலேட்டரில் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஓடக்கூடாத நேரங்களை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஓடும்போது எக்ஸ்1 முதல் எக்ஸ்5 வரை ஒவ்வொரு ஒயரையும் அறுத்ததாகப் பாவித்து 0 ஆக்குங்கள். எக்ஸ்4 போனால் ஓட்டம் தொடரும், தொட்டி நிரம்பியதும் நிற்கும். மற்றவை போனால் மோட்டார் உடனே நிற்கவேண்டும். மேனுவலில் ஓடும்போது செலக்டரைத் திருப்புங்கள். ஸ்டார்ட்டையும் ஸ்டாப்பையும் ஒன்றாக அழுத்துங்கள்.

பிஎல்சி அவுட்புட்டிலிருந்து கான்டாக்டர் காயிலுக்கு நேராகப் போகாதீர்கள், நடுவில் ஒரு 24 வோல்ட் ரிலே இருக்கட்டும். ரிலே போனால் சின்னச் செலவு, பிஎல்சி அவுட்புட் போனால் பெரிய செலவு. எமர்ஜென்சி ஸ்டாப்பை எந்தக் காரணத்துக்காகவும் லேடரை மட்டும் நம்பி விடக்கூடாது. சிவப்புக் காளான் பட்டனின் என்சி, கான்டாக்டர் காயிலுக்குப் போகும் சப்ளையை நேரடியாக அறுக்கவேண்டும். பிஎல்சி தொங்கிப் போனாலும் அதன் அவுட்புட் ரிலே ஒட்டிக்கொண்டாலும் மோட்டார் நிற்கவேண்டும். ஓவர்லோடின் 95-96-க்கும் இப்படி ஒரு நேரடி வழி இருப்பது நல்லது. அதே காண்டாக்டை எக்ஸ்2-க்கும் பயன்படுத்த முடியாது. அங்கே 24 வோல்ட், இங்கே 230 வோல்ட். நடுவில் ஒரு ரிலே வைத்தோ, தனிக் காண்டாக்ட் எடுத்தோ பிரித்துக்கொள்ளுங்கள். 97-98-ஐ எடுத்தால் அது என்ஓ, லேடரில் கேள்வி மாறும்.

முதல் முறை ஓட்டும்போது மோட்டார் ஒயரைக் கழற்றிவிட்டு, கான்டாக்டர் மட்டும் இழுக்கிறதா, விடுகிறதா என்று பாருங்கள். பிறகு மோட்டாரை இணைத்து, சுழலும் திசையைச் சரிபார்த்து, ஒருவர் எமர்ஜென்சி பட்டன் பக்கத்தில் நிற்க ஓட்டுங்கள். பல சிறிய பிஎல்சிகளில் நீங்கள் எழுதிய பெயர்களும் குறிப்புகளும் பிஎல்சிக்குள் போவதில்லை, லேப்டாப் கோப்பில்தான் இருக்கும். அந்தக் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு உரிமையாளரிடம் கொடுங்கள். லேடரையும் எக்ஸ்0 முதல் ஒய்1 வரையான பட்டியலையும் பிரின்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வாருங்கள்.